ஹார்டு டிஸ்க் போனால் விண்டோஸும் போகும்: மலிவு விலை மடிக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு

மடிக்கணினி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அதை இயக்கியபோது உள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஓசை வந்தது. சற்று நேரத்தில், துவக்குவதற்கான சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி கறுப்புத் திரையில் வந்து நின்றது. ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது என்பது அப்போதே புரிந்தது. ஓராண்டு வாரண்டி இருந்ததால் நான் பெரிதாகக் கலங்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரங்கள் நான் பட்ட அலைச்சலை இன்னொருவர் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் நெடுநேரக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த பணியாளர், கணினியை இயக்கும்போது எஃப் 11 விசையை அழுத்தி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டெடுக்கச் சொன்னார். அந்த விசை திறக்க வேண்டிய ரெகவரி பார்ட்டிஷன், அதாவது விண்டோஸை மீட்டெடுக்கும் கோப்புகள் இருக்கும் பகுதி, பழுதான அதே ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலையில்தான் இருந்தது. இதை நான் இரண்டு முறை விளக்கிய பிறகும் அவர் அதே வழிமுறையையே திரும்பப் படித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த குறிப்பில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கணினி திரும்பி வந்தது. ஹார்டு டிஸ்க் புதியது, ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. விண்டோஸ் எங்கே என்று கேட்டதற்கு, “வாரண்டி ஹார்டுவேருக்கு மட்டும்தான் சார், சாஃப்ட்வேர் அதில் வராது” என்றார்கள். வேண்டுமானால் நிறுவனத்திடமிருந்து ரெகவரி பென் டிரைவைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது புதிய லைசென்ஸ் வாங்கினால் அவர்களே நிறுவித் தருவார்கள். கணினி வாங்கியபோதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்தேன் என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. மைக்ரோசாஃப்டிடம் கேட்டால், கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸுக்கு ஆதரவு அளிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று அங்கேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

முன்பெல்லாம் பெட்டிக்குள்ளேயே மீட்பு வட்டுகள் வரும். பிறகு நிறுவனங்கள் அந்தச் செலவை மிச்சப்படுத்த, மீட்புக் கோப்புகளை ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்துவிட்டு, நகல் எடுத்துக்கொள்ளும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டின. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்ற இந்த ஏற்பாடு, எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் செய்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதைவிடப் பெரிய ஆத்திரம் பிறகுதான் வந்தது. விண்டோஸ் 7 வரை லைசென்ஸ் எண் கணினியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணினியோடு வரும் விண்டோஸின் எண்ணைத் தயாரிப்பாளர்கள் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அந்தப் பலகையிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளிலேயே) பதிந்துவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்த லைசென்ஸ் அழிவதில்லை. அதாவது, என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றையே எனக்கு இரண்டாம் முறை விற்கப் பார்த்தார்கள். நானும் ஏறக்குறைய வாங்கியிருப்பேன்.

நண்பர் ஒருவரின் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸைத் தயார் செய்தேன். நிறுவும்போது அது எண் எதையும் கேட்கவில்லை; என் கணினிக்கு உரிய ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பைத் தானே தேர்ந்துகொண்டது. வைஃபையும் டச்பேடும் மட்டும் வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து, அவற்றை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களைத் தேடி எடுத்து, நண்பரின் கணினியிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து போட்டபின் அவையும் சரியாயின. இணையத்தோடு இணைந்ததும் விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆனது.

புதிதாகக் கணினி வாங்குபவர்கள் முதல் நாளே, விண்டோஸிலேயே இருக்கும் ரெகவரி டிரைவ் வசதியைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும் தேர்வை விட்டுவிடாமல், 16 ஜிபிக்குக் குறையாத ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். எனக்கும் முதல் நாள் அந்த நினைவூட்டல் திரையில் வந்தது. ‘பிறகு’ என்பதை அழுத்தி மூடிவிட்டேன். இப்போதைய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகக் குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மதர்போர்டை மாற்ற நேர்ந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் என்பதால், அது உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத் தாளிலும் எழுதி வையுங்கள். மிக மலிவான சில கணினிகளில் சேமிப்பகம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது பழுதானால் தனியாகக் கழற்றி மாற்றவே முடியாது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கும் படிவத்தில், தரவுகளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வரியும் இருக்கிறது. எட்டு மாதப் படங்களும் கணக்குகளும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நிறுவனத்திற்கு எழுத்துவழி புகார் அனுப்பினேன். சாஃப்ட்வேர் வாரண்டியில் அடங்காது என்ற அதே வரியைப் பதிலாக அனுப்பிப் புகாரை முடித்துவிட்டார்கள். வாரண்டி காலத்தில் ஹார்டு டிஸ்க்கை மாற்றினால், வாங்கியபோது அதில் இருந்த விண்டோஸையும் கட்டணமின்றி நிறுவித் தர வேண்டும் என்று கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.