முதல் பாய்மரப் படகு: பழைய லேசரா, பழைய எண்டர்பிரைஸா?

சேலத்தில் இருந்துகொண்டு பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எங்கங்க விடுவீங்க?" நியாயமான கேள்வி. எந்தப் படகு என்று யோசிப்பதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும்.

ஏற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அது சுற்றுலாப் பயணிகளின் மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும் உரிய சின்ன ஏரி, சுற்றிலும் மேடும் மரமும் இருப்பதால் காற்று நிலையாக வராது. மேட்டூர் சுமார் 50 கிலோமீட்டர். அணை நிறைந்திருக்கும்போது கரையில் நின்றால் ஆசை வராமல் இருக்காது. ஆனாலும் அது நீர்வளத்துறையின் நீர்த்தேக்கம், எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வராமல் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் அல்லவா, அவை முழுசாகத் தெரியும் நாளில் பயமில்லை, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே மறைந்து நிற்கும் நாளில்தான், படகுக்குக் கீழே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகை போய் மோதும்.

ஆக, நமக்குச் சென்னை அல்லது புதுச்சேரிக் கடல்தான். மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போவோம், பெரும்பாலும் தனியாகப் போவோம். இதை மனதில் வைத்துத்தான் இரண்டு படகையும் பார்த்தேன். (7 மீட்டர் நீளத்தில், அடியில் கனமான கீல் (படகு கவிழாமல் பிடிக்கும் எடைப்பலகை) வைத்த பழைய படகு ஒன்றும் விலைக்கு வந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை, தூக்கக் கிரேன், நிறுத்த நிரந்தர இடம், பார்த்துக்கொள்ள ஆள். சேலத்துக்காரருக்கு அது சரிவராது.)

லேசரை இப்போது ஐஎல்சிஏ என்கிறார்கள். நீளம் 4.23 மீட்டர், வெறும் உடல் 59 கிலோ. ஒரே ஆள், ஒரே பாய். பாய்மரம் இரண்டு துண்டு, பக்கவாட்டுக் கம்பி எதுவும் கிடையாது. குழியில் நிறுத்தினால் நிற்கும். அதே உடலுக்கு 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவில் பாய் உண்டு. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் சென்னையின் நேத்ரா குமணனும் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது இந்த வகைப் படகில்தான், விஷ்ணு பெரிய பாயில், நேத்ரா நடு அளவில். புதிதாக வாங்குபவர் ஆசைப்பட்டுப் பெரியதை எடுக்காமல் நடு அளவோடு வருவதைத் தேடுங்கள். கவிழத்தான் செய்யும், பலமுறை கவிழும். ஆனால் டேகர்போர்டில் (இந்தப் படகின் அடிப்பலகை) ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் ஒரே ஆளால் நிமிர்த்திவிட முடியும், காக்பிட்டில், அதாவது ஆள் உட்காரும் பள்ளத்தில், நிற்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

எண்டர்பிரைஸ் 1956இல் வந்த வடிவம், இரண்டு பேருக்கானது. 4.04 மீட்டர், உடல் 94 கிலோ, பெரிய பாயும் முன்னால் ஜிப் என்ற சின்னப் பாயும், அந்த நீல நிறப் பாயைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். எனக்குச் சொன்ன விலையும் லேசரில் பாதிதான். உட்காரத் தாராளமான இடம், கற்றுக்கொடுப்பவர் ஒருவர் கூடவே வரலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் கவிழ்ந்து எழுந்தால் உள்ளே தண்ணீர் தொட்டி மாதிரி நிற்கும், ஒருவர் இறைக்க வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் சேலத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் வருவாரா?

நான் பார்த்தது மரத்தில் செய்தது. தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போனேன். மேலே வார்னிஷ் பளபளவென்று இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல், அடிப்பலகைப் பெட்டி தரையோடு சேரும் மூலையில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார், முனை கேக்கில் போவதுபோல் இறங்கியது. "சார், உள்ளே செத்துப்போச்சுங்க, இது பெயின்ட்டுலதான் நிக்குது" என்றார். ஒட்டுப்போடலாம், ஆனால் கடல் தண்ணீருக்கான ஐஎஸ் 710 தர பிளைவுட் கேட்டு வாங்க வேண்டும், கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் 303 கடல் தண்ணீருக்குத் தாங்காது. கம்பியும் அப்படித்தான். ஸ்டீல் பிளான்ட் இருக்கும் ஊர் நம்முடையது, 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எங்கேயும் கிடைக்கும். ஆனால் உப்புத் தண்ணீருக்கு மாலிப்டினம் கலந்த 316தான் வேண்டும், காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் மேல் பஞ்சை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுங்கள், ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டும்.

லேசரில் பார்க்க வேண்டியது குறைவு, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டும். பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விடுங்கள், மட்டம் இறங்கினால் உடலுக்குள் கசிகிறது, அந்தப் படகை விட்டுவிடுங்கள். ஓடும்போது அந்தக் குழி கிழிந்தால் மேல்தளத்தையே பெயர்த்துவிடும். குழியைச் சுற்றியும் காக்பிட் ஓரத்திலும் மாம்பழத்தை அமுக்குவதுபோல் கட்டைவிரலால் அமுக்குங்கள், மெத்தென்று இருக்கக் கூடாது. மேல்துண்டுப் பாய்மரத்தைச் சமதரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். அப்புறம் எடை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கும் ஊர்க்காரருக்கு எடை போடாமல் வாங்காதீர்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஏறி நிற்கும் எடைக்கருவி இரண்டைக் கொண்டுபோய், முன்பக்கம் ஒன்றிலும் பின்பக்கம் ஒன்றிலும் வைத்துக் கூட்டினோம். முதலில் பார்த்த லேசர் 68 காட்டியது. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது, ஆனால் அந்தக் கூடுதல் 9 கிலோவில் பெரும்பகுதி உள்ளே ஊறிய தண்ணீர்தான். இரண்டாவது 61, கீறல் நிறைய, அதைத்தான் வாங்கினேன்.

ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் குட்டியானையை நம்பாதீர்கள், பின்தளம் 2 மீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம், படகு அதைப்போல் இரண்டு மடங்கு. நான் உடலைக் கடற்கரையிலேயே இடம் பேசி நிழலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாய், சுக்கான், டேகர்போர்டு மூன்றும் நல்ல தண்ணீரில் அலசப்பட்டு சேலம் வீட்டில் இருக்கின்றன. இங்கே உப்புக்காற்று இல்லை, ஆனால் மொட்டைமாடி வெயில் பாய்த்துணியைத் தின்றுவிடும் என்பதால் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில்தான் வைக்கிறோம்.

வீட்டில் இருவர் சேர்ந்து கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், இருவரும் ஒவ்வொரு தடவையும் வருவீர்கள் என்றால் ஃபைபரில் செய்த எண்டர்பிரைஸைத் தயங்காமல் எடுங்கள். என் மகள் ஜிப் கயிற்றைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் நானும் அதைத்தான் தேடப்போகிறேன், அந்த ஆசாரியையும் கூட்டிக்கொண்டு.