வீட்டுத் தயிரா, கடை அமாசியா?

குடலைத் தேற்ற வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் சொந்தக்காரர்கள் பலருக்கும் இதே குழப்பம்தான். அமாசி என்பது அங்கே கடையில் கிடைக்கும் புளித்த பால்.

விலை: இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிரமம்: அமாசிக்கு மூடியைத் திறந்தால் சரி. தயிருக்குச் சூடு இறங்காமல் பார்க்கணும், லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்தால் ஓவனை நம்ப முடியாது, அதனால் பாத்திரத்தை வொண்டர்பேக்கிலோ (சூடு காக்கும் துணிப்பை) கனத்த கம்பளியிலோ பொதிந்து வைப்பதே மேல்.

லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை): விஷயமே இங்கேதான். பாலைக் காய்ச்சி ஆறவிட்டு உறையூற்றி, 38 முதல் 43 டிகிரி வரையான சூட்டில் 24 மணி நேரம் விட்டால் பாக்டீரியா லாக்டோஸில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எஸ்சிடி (குடல் கோளாறுக்காகச் சில வகை மாவுச்சத்து, சர்க்கரைகளைத் தவிர்க்கும்) உணவுமுறை கேட்பது இந்தத் தயிரைத்தான், ராத்திரி உறையூற்றிக் காலையில் எடுப்பது அதற்குப் போதாது. அமாசி அவ்வளவு சூடில்லாமல் புளிப்பது, கடைப் பாட்டிலில் லாக்டோஸ் கணிசமாக மிச்சமிருக்கும். அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கையில் நாள்கணக்கில் புளித்த அமாசியின் கதை வேறு.

சுவை: அமாசிதான், சந்தேகமே இல்லை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் 24 மணித் தயிரை ஒரு ஸ்பூனில் தொடங்கலாம். பால் ஒத்துக்கொள்கிறது, நேரம்தான் இல்லை என்பவர்கள் லேபிளில் சர்க்கரை சேர்க்காத அமாசியாகப் பார்த்து வாங்குங்கள். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.