செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கும் டிடிரெஸ்க்யூவும்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை என் லேப்டாப் பூட் ஆகவில்லை. உள்ளே இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்பா இறப்பதற்கு முந்தைய வருடம் அவரைப் பேச வைத்து நான் பதிவு செய்த 41 ஆடியோ ஃபைல்கள் அதில் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. சர்வீஸுக்குக் கொடுத்தேன். "டிஸ்க் போயிடுச்சு, புதுசு போட்டுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஃபைல்களுக்காக அன்று கற்றுக்கொண்ட வழியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். தெரிந்தவர்கள் கொண்டுவரும் டிஸ்க்குகளுக்கும் அதே வழிதான்.

முதலில் கேபிள். லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், அதனால் டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்ட உதவும் ஒரு சாட்டா–யூஎஸ்பி கேபிளிலேயே ஓடிவிடும். ஆனால் பழைய யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் சில டிஸ்க்குகளுக்கு அது பற்றாது. டிஸ்க் பழுதானால் வருவதுபோலவே அப்போதும் "டிக் டிக்" என்று சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டதும் டிஸ்க் முடிந்தது என்று தீர்மானிக்காமல், வேறு கேபிள், வேறு போர்ட் என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் சரியாகக் கிடைத்தும் சத்தம் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். படிக்கும் ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது பழுதான நிலையில் ஓடவிட்டால் தட்டையே கீறிவிடும், அப்புறம் டேட்டா மீட்பு லேப் வைத்திருப்பவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் டிஸ்க்கில் சத்தம் இல்லை. விண்டோஸ் கணினியில் மாட்டியதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டது. அதற்கு எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையையும் ஓட்டாதீர்கள். அது சரிசெய்கிறேன் என்று அந்த டிஸ்க்கின் மேலேயே எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டுமே செய்ய வேண்டும், அதையும் முடிந்தவரை ஒரே ஒரு தடவை.

அதற்குத்தான் டிடிரெஸ்க்யூ. ஜிஎன்யூ திட்டத்தின் இலவச மென்பொருள் இது. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக, அதாவது தகவல் பதியும் சின்னச் சின்னத் துண்டுகளாக, வேறொரு நல்ல டிஸ்க்கில் ஒரே இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் அச்சு நகலாக) எடுக்கிறேன். சாதாரண காப்பி, படிக்க முடியாத முதல் பேட் செக்டரிலேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, தடங்கல் வரும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களின் ஓரங்களைப் படிக்கும். கடைசியில்தான் உள்ளே ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை எல்லாம் மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். டிஸ்க் சூடானால் நிறுத்தலாம், ஆறவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைல் பெயரைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

நல்ல டிஸ்க்காக இருந்தால் 500 ஜிபியை இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம். எனக்கு முதல் நாளே பெரும்பகுதி வந்துவிட்டது, மிச்சத்துக்கு ஒன்பது நாள் ஆனது. பின்னிலிருந்து முன்னாகப் படிக்கச் சொன்னபோது, அதுவரை வராத சில பகுதிகளும் வந்தன.

அப்புறம் இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ், தன் தொடக்க விவரங்கள் உள்ள பூட் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியின்) கடைசியில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்து முன்னால் போட்டதும், ஃபோல்டர்கள் பழைய பெயர்களோடு அப்படியே வரிசையாக வந்து நின்றன. அப்பா என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திரையில் பார்த்த அந்த நிமிடம் எனக்கு மறக்காது.

டெஸ்ட்டிஸ்க்கின் கூட்டாளி மென்பொருளான ஃபோட்டோரெக், ஃபோல்டர் அமைப்பே அழிந்துவிட்டால்தான் வேண்டும். ஃபைலின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும், ஆனால் பெயர்கள் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்களை எண்களோடு கொட்டிவிடும், பிரிக்கப் பல வாரம் ஆகும். அதனால் டெஸ்ட்டிஸ்க் கைவிட்ட பிறகே அதைத் தொடுகிறேன்.

பலர் கவனிக்காத ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். ஃபைல் பட்டியலில் தெரிவதால் மட்டும் உள்ளே முழுதாக இருக்கிறது என்று ஆகாது. டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையில், படிக்க முடியாத செக்டர்களில் மட்டும் நமக்குப் பிடித்த ஒரு சொல்லை இமேஜின் நகலில் நிரப்பலாம். பிறகு எந்தெந்த ஃபைல்களுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால், சேதமான ஃபைல்களின் பட்டியல் கையில் கிடைத்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எல்லாமே கட்டளை வரிதான். மூல டிஸ்க்கையும் சேருமிடத்தையும் மாற்றித் தட்டிவிட்டால் இருந்ததும் போய்விடும். நான் இன்றும் டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே எண்டர் தட்டுகிறேன். சில யூஎஸ்பி கேபிள்கள் பேட் செக்டர் வந்ததும் உறைந்துவிடுகின்றன, டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்ட டிஸ்க்காக இருந்தால், இமேஜ் முழுதாக வந்தாலும் அதன் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் பயனில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைக் கணினியே அடையாளம் காணவில்லை என்றால், அதற்கு இந்த வழி எதுவும் உதவாது. பழுதான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்ற யோசனையைத் தயவுசெய்து முயலாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

41 பதிவுகளில் 40 முழுதாக வந்தன. ஒன்றில் மட்டும், அப்பா தன் முதல் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரண்டு இடத்தில் குரல் அறுந்துபோகிறது. அந்த ஃபைலைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பழைய டிஸ்க்கும் மேப் ஃபைலும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.