சாஃப்ட்வேர் லிஸ்ட் எடுத்துத் தரேன்னு ரெண்டு வருஷ சந்தாவை உருவிட்டான், உஷாரா இருங்க

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. போன வருஷமே கம்ப்யூட்டர்ல இருந்து தூக்கிப் போட்ட ஒரு சாஃப்ட்வேர், இன்னிக்கு என் கார்டுல இருந்து இந்த வருஷத்துக்கும் காசு எடுத்திருக்கு. மொத்தம் ரெண்டு வருஷ சந்தா. பேர் சொல்லல. உங்க கம்ப்யூட்டர்ல என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கு, எது பழசுன்னு ஸ்கேன் பண்ணி அப்டேட் பண்ணித் தரோம்னு சொல்ற வகை, அவ்ளோதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு லிஸ்ட். ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி என்னல்லாம் இருக்குன்னு குறிச்சு வச்சுக்கணும். ஃப்ரீன்னு போட்டிருந்தான், இறக்கினேன். ஸ்கேன் முடிஞ்சதும் எப்பவோ போட்டு மறந்தே போன பிரிண்டர் சாஃப்ட்வேர் வரைக்கும் வெர்ஷன், தேதியோட வரிசையா வந்து நின்னுச்சு. அங்கதான் நம்பிட்டேன். இருக்கறதை இவ்ளோ கரெக்டா சொல்றவன் எது பழசுன்னு சொல்றதும் சரியாத்தான இருக்கும்? அதுல அவனோட திறமை ஒண்ணுமே இல்லன்னு இப்பதான் தெரியுது. விண்டோஸ்ல பெரும்பாலான சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போதே ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் விவரமெல்லாம் எழுதி வைக்கிற இடம்) அன்இன்ஸ்டால்ங்கிற பகுதில பேரு, வெர்ஷன் எல்லாம் பதிஞ்சிடும், அதைப் படிச்சு அழகா கலர் போட்டு எனக்கே வித்திருக்கான்.

லிஸ்ட்டை ஃபைலா சேவ் பண்ணணும்னா ஒரு வருஷ சந்தா கட்டணுமாம். பட்டனுக்குப் பக்கத்துலயே 30 நாள்ல பணம் வாபஸ்னு பச்சைல எழுதியிருந்துச்சு. கட்டினேன். உடனே பழசு, ஆபத்துன்னு சிவப்புல கொஞ்சம் காட்டினான், அதுல மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் 2008, 2010, 2013 எல்லாம் இருந்துச்சு, அதாவது மத்த சாஃப்ட்வேர் ஓடறதுக்குத் தேவையான ஃபைல் தொகுப்புங்க. சுத்தம் பண்ணுன்னு ஒரே பட்டன். அழுத்தினதும் அத்தனையும் போச்சு, அடுத்த நாள் என் கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் திறக்கவே இல்ல, எம்எஸ்விசிபி100 டிஎல்எல் காணோம்னு எரர். அது விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் 2010ஓட ஃபைல். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வேலை செய்யாது, பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாதான் அந்தந்த வெர்ஷனை நம்பி இருக்கற புரோகிராம் ஓடும். இந்தத் தொழிலே பண்றவனுக்கு இது கூடவா தெரியாது?

பணத்தைத் திருப்பிக் கேட்டா சாட்ல முதல்ல ஒரு பாட். அப்புறம் லாக் ஃபைல் அனுப்புங்க. அனுப்பினா ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. பண்ணேன்னு சொன்னா வேற ஒருத்தர் வந்து மறுபடி முதல்ல இருந்து கேக்கறாரு. கடைசில, சுத்தம் பண்ற வசதியை யூஸ் பண்ணிட்டீங்க, அதனால ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒரே வரி. பச்சைல எழுதினப்போ இந்தக் கண்டிஷன் எங்க இருந்துச்சு? பணம் வாங்கினது வேற கம்பெனியாம், அவங்களைக் கேட்டா விக்கிறவங்களைக் கேளுங்கன்னாங்க.

வெறுத்துப் போய் அன்இன்ஸ்டால் பண்ணேன். ஏன் போறீங்கன்னு அப்பவும் ஒரு சர்வே கேட்டானே, அதுல உங்க சந்தா இன்னும் ஓடிட்டு இருக்குன்னு ஒரு வரி போட மனசு வரல பாருங்க. இப்ப கேட்டா ஆட்டோ ரினியூவலை அக்கவுண்ட்ல போய் நீங்க ஆஃப் பண்ணியிருக்கணுமாம். ரெண்டு வருஷ சந்தாங்க, ஒரு லிஸ்ட்டுக்கு!

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல, முக்கியமானது மட்டும் சொல்லிடறேன். லிஸ்ட்டுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ்ல ஆப்ஸ்குள்ள இன்ஸ்டால்ட் ஆப்ஸ் இருக்கு, இல்லன்னா டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) விங்கெட் லிஸ்ட்னு (winget list) அடிங்க, எல்லாம் வெர்ஷனோட வரும். இன்ஸ்டால் பண்ணாம ஃபோல்டர்ல இருந்தே ஓடுற போர்ட்டபிள் சாஃப்ட்வேர் மட்டும் பொதுவா அதுல வராது, அதை நீங்களே எழுதி வச்சுக்கோங்க. விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ்னு இருக்கறது எதையும் பழசுன்னு தூக்காதீங்க. அப்புறம் அன்இன்ஸ்டால் பண்ணா சந்தா நின்னுடும்னு நினைக்காதீங்க, அக்கவுண்ட்ல போய் கேன்சல் பண்ணி அந்த மெயிலை பத்திரமா வச்சுக்கோங்க.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன். இந்த மாதிரி சாஃப்ட்வேர்கிட்ட இருந்து யாராவது பணத்தைத் திருப்பி வாங்கியிருந்தா எப்படி வாங்கினீங்கன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க.