இன்ஜினியரிங் சேரும் முன் ஒரு ஆர்டுவினோ கிட்

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் தங்கைக்காக ஆர்டுவினோ ஊனோ கிட் ஒன்று வாங்கினேன். ஆர்டுவினோ என்பது நாம் எழுதும் புரோகிராமின்படி விளக்கு, பட்டன் போன்றவற்றை இயக்கும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. இன்ஜினியரிங் சேர அவள் சொன்ன ஒரே காரணம் சம்பளம். தப்பே இல்லை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியவர்கள் சம்பளத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள்? ஆனால் 1990களின் கடைசியில் நல்ல வேலை கிடைக்கும் என்று கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்த பலர் வெளியே வருவதற்குள் டாட்காம் குமிழி, அதாவது இன்டர்நெட் கம்பெனிகளின் அளவுக்கு மீறிய வளர்ச்சி, வெடித்துவிட்டது. சேரும்போது பார்த்த சம்பளம் முடிக்கும்போதும் இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது, அதனால் வேலையே பிடிக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

2005இல் இத்தாலியில் டிசைன் மாணவர்களை மனதில் வைத்து உருவான ஆர்டுவினோ வரிசையில் ஒரு போர்டு இது, எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் தொடங்கலாம். ஆன், ஆஃப் சிக்னலுக்கு 14 டிஜிட்டல் பின், ஏறி இறங்கும் அளவுகளைப் படிக்க 6 அனலாக் பின், புரோகிராமை வைக்க 32 கிலோபைட் நினைவகம், கற்க இது தாராளம். எல்இடியை மினுக்கவைப்பது சில நிமிட வேலை. அந்தச் சந்தோஷம் எல்லாருக்கும் வரும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நிஜமான சோதனை புஷ் பட்டனில் இருக்கிறது. எத்தனை தடவை அமுக்கினோம் என்று எண்ண புரோகிராம் எழுதினால், ஒரு தடவை அமுக்கியதற்கே மூன்று, நான்கு என்று காட்டும். வயரிங் சரி, புரோகிராமிலும் பிழை தெரியாது. பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் சில மில்லிசெகண்டு துள்ளிவிட்டுத்தான் ஒட்டி நிற்கும், போர்டு ஒவ்வொரு துள்ளலையும் தனி அமுக்கலாக எண்ணிவிடுகிறது. தங்கை இதை விடாமல் குடைந்துகொண்டே இருந்தாள், கடைசியில் ஒரு அமுக்கலுக்குப் பிறகு 50 மில்லிசெகண்டுக்கு எதையும் எண்ணாதே என்று ஒரு நிபந்தனை போட்டதும் எண்ணிக்கை ஒழுங்குக்கு வந்தது. அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இந்த இடத்தில் வெறும் எரிச்சல் மட்டும்தான் வருகிறது என்றாலும் சம்பளத்துக்காகப் படிக்கலாம், நிறைய பேர் படித்து நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் அந்த எரிச்சல் லேபில் அடிக்கடி வரும்.

குறைகளும் உண்டு. எனக்கு வந்த கையேடு எந்த வயரை எங்கே செருகுவது என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை. சிவில், கெமிக்கல் பற்றி இந்த கிட் எதுவும் சொல்லாது. முதல் வருடக் கணக்குப் பாடம் எப்படி இருக்கும் என்பதும் இதில் தெரியாது, அதற்கு கால்குலஸ் புத்தகத்தைத் தனியாகப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

சென்சார்களை அடுக்கிய பெரிய கிட் வேண்டாம். போர்டு, சால்டர் செய்யாமல் வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, பட்டன், சில எல்இடி, அவற்றுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த 220 ஓம் ரெசிஸ்டர்கள் உள்ள சின்ன கிட்டே போதும்.