கேஸா, இண்டக்‌ஷனா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

போன வருடம் தை மாதத்தில் ஒரு விடியற்காலை. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போயிருந்தார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எல்பிஜி காற்றைவிடக் கனம். மேலே எழும்பிக் கலைந்து போகாது, தரையோடு பரவி மூலையில் தங்கும். குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தபோதுதான் எனக்கு நாற்றம் தெரிந்தது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலெல்லாம் திறந்து, ஒரு சுவிட்சையும் தொடாமல் அரை மணி நேரம் வெளியே நின்றோம். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அதுவரை என் காதில் விழுந்ததெல்லாம் இரண்டு கட்சிகள். கேஸ்தான் சிக்கனம் என்பார் ஒருவர், கரண்ட்தான் சிக்கனம் என்பார் இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இருவர் சொல்வதும் அவரவர் வீட்டுக்குச் சரி. தமிழ்நாட்டில் இதற்கு விடை சொல்வது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்.

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். அதை எரித்தால் ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வரும். அத்தனையும் பாத்திரத்துக்குப் போவதில்லை. பர்னர் சுத்தமாக இருந்து, தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டாமல் எரிந்தால் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து போகும். மீதி பாத்திரத்தின் ஓரமாக ஏறி நம் முகத்துக்கும் சுவருக்கும் போகிறது. இண்டக்‌ஷனில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடியே தானாகச் சூடாகிறது. அதனால் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை சமையலுக்கே சேரும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் செய்ய 130 முதல் 140 யூனிட் போதும்.

2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பிறகு சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அதை 135 யூனிட்டால் வகுத்தால் ஆறு ரூபாய் நாற்பது காசு சொச்சம் வருகிறது. நீங்கள் கூடுதலாக ஓட்டும் யூனிட் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் இண்டக்‌ஷன் மலிவு. இல்லையென்றால் கேஸ்தான் மலிவு.

“முதல் நூறு யூனிட் இலவசம்தானே, அதிலேயே சமைத்துக்கொள்ளலாம்” என்று பலர் சொல்வார்கள். அந்த நூறை ஃபேனும் ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் எப்போதோ தின்று முடித்திருக்கும். அடுப்புக்கான யூனிட், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதன் தலைமேல் போய் உட்காரும். அங்கே என்ன விலை என்பதுதான் கேள்வி. 2025 கட்டணப்படி, 201 முதல் 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 401 முதல் 500 வரை ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அதாவது கேஸும் கரண்டும் கிட்டத்தட்டச் சமம். 500-ஐத் தாண்டினால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800-க்குப் பிறகு பத்துக்கும் மேல். போதாததற்கு, மொத்தம் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறுவது அதனால்தான்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நான்கு பேர், ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். சமையல் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் கூடும். மழை, பனி மாதங்களில் எங்களுக்கு 320 யூனிட் ஓடுகிறது. 180-ஐச் சேர்த்தால் சரியாக 500. கேஸுக்கு ஆகும் 1,150 ரூபாய்க்குப் பதில் ஆயிரம் ரூபாய்க்கு முடிந்துவிடும். ஒரு நாள் கை தவறினால் அந்த லாபம் அப்படியே காணாமல் போகும். கோடையில் ஏசி ஓடுவதால் 640 யூனிட்டுக்கு மேல் போகிறது. அப்போது அதே 180 யூனிட்டுக்கு 1,700 ரூபாய் ஆகும், கேஸைவிட ஐநூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆறு மாதத்தில் விடை தலைகீழாகிறது.

எனக்கு மனசு கேட்காத இடமும் இதுதான். இண்டக்‌ஷன் மிகவும் தேவைப்படுவது அந்தக் கோடையில்தான். அக்கினி நட்சத்திரத்தில் கேஸ் அடுப்பு முன்னால் நின்று ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு பொரியல் செய்து பாருங்கள். தீ ஆடும் என்பதால் ஃபேன் போட முடியாது. இண்டக்‌ஷனுக்குத் தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றலாம். அதனால் நாங்கள் கோடையிலும் அதை மூட்டை கட்டவில்லை. பால், சாதம், பருப்பு, காய் வேகவைப்பது, குளிக்கிற வெந்நீர் என்று தண்ணீர் கொதிக்கிற வேலைகளை மட்டும் அதில் வைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் ஆகிறது. கோடையில் கேஸைவிட இருநூறு ரூபாய் கூடுதல், மற்ற மாதங்களில் நூறு ரூபாய் மிச்சம். அம்மா வியர்க்காமல் சமைப்பதற்கு அந்த இருநூறு ரூபாயை நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். கடைக்காரர் இண்டக்‌ஷனோடு ஒரு பாத்திரத்தை இலவசமாகக் கொடுப்பார். வீட்டில் இருக்கும் மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று அவர் சொல்லமாட்டார். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் ஆகும், நழுவினால் ஆகாது. நாங்கள் அப்படிப் பிரித்தபோது ஆகாத பக்கம்தான் பெரிதாக இருந்தது. அலுமினிய இட்லிப் பானை, பழைய குக்கர், பித்தளைப் புட்டுக்குடம், வெண்கல உருளி, கல்சட்டி, மண்சட்டி, எவர்சில்வரிலேயே பாதிக்கு மேல் எல்லாம் அங்கே போய்விட்டன. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அங்கேதான். ஈயச் சொம்பு என்று சொன்னாலும் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்று பாட்டி காலத்திலிருந்து சொல்வது அதனால்தான். அந்த ரசத்தின் வாசனை வேண்டும் என்றால் தீதான் வேண்டும். ஆக, வாங்கும்போது இண்டக்‌ஷன் விலையோடு ஒரு குக்கர், ஒரு அகலப் பாத்திரம் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தாளிப்புக் கரண்டி கதை தனி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அம்மா இரும்புக் கரண்டியை இண்டக்‌ஷன் மேல் வைத்தார். அது பீப், பீப் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. இரும்புதானே, காந்தம் ஒட்டுகிறதே? ஒட்டும், ஆனால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான அடியைப் பெரும்பாலான இண்டக்‌ஷன்கள் பாத்திரமாகவே ஏற்காது. கரண்டியோ உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தாளிக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அப்பளம் சுடுவது, கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவது, சுக்கா ரொட்டியை நெருப்பில் உப்பவிடுவது எல்லாம் இதோடு சேர்த்தி.

தோசை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரும்புக் கல்லை இண்டக்‌ஷன் நன்றாகவே ஏற்கும். ஆனால் கீழே இருக்கும் சுருள் கல்லைவிடச் சின்னது. நடுவில் வட்டமாகச் செக்கச்செவேல் என்று வெந்திருக்கும், ஓரம் வெளுத்து நிற்கும். குறைந்த சூட்டில் ஏழெட்டு நிமிடம் கல்லைக் காயவிட்டு, பிறகு ஊற்றினால் ஓரளவு சரியாகிறது. நான்கு பேருக்கு மளமளவென்று வார்த்துப் போட வேண்டிய காலை நேரத்தில் நான் கேஸுக்கே போகிறேன். இரும்புக் கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காதீர்கள், கீறல் விழும்.

திரட்டுப்பால் கிளறியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. விலை குறைந்த இண்டக்‌ஷன்களில் சிறு தீ என்று ஒன்று கிடையாது. 300 வாட்டில் வைத்தால், சில விநாடி ஆயிரம் வாட்டில் ஓடி, சில விநாடி முழுக்க நின்று, சராசரியைக் காட்டும். பால் கெட்டியாகிற நேரத்தில் பார்த்தால் தெரியும். அடியில் சட்டென்று குமிழ்கள் கிளம்பும், அப்படியே அடங்கும், மறுபடி கிளம்பும். கைவிடாமல் கிளறியும் அடியில் வட்டமாகப் பழுப்பேறிவிட்டது. பாகு காய்ச்சவும் திரட்டுப்பாலுக்கும் மைசூர்பாகுக்கும் கேஸின் சிம் போல எதுவும் இல்லை. இண்டக்‌ஷனில்தான் செய்வேன் என்றால் அடி கனத்த பாத்திரம் கட்டாயம்.

கொதிக்கவைக்கிற வேலையில் மட்டும் கேஸ் பக்கத்திலேயே வர முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர், மூடி போட்டு, கடிகாரம் பார்த்தேன். 2000 வாட்டில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பெரிய பர்னரில் ஐந்து நிமிடம் தாண்டியது. இந்த வேகத்தால் குக்கர் கணக்கு மாறும் என்பதை நினைவில் வையுங்கள். முழு வாட்டில் விட்டால் விசில் அடுத்தடுத்து வந்துவிடும், மூன்று விசிலில் அரிசி வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் 400 வாட்டுக்குக் குறைத்து, விசிலை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். எங்கள் அரிசிக்கு எட்டு நிமிடம்.

அப்புறம் வயரிங். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். மிக்ஸி போடுகிற சின்ன பிளக் ஆறு ஆம்பியருக்கானது. நாங்கள் முதல் மாதம் ஒரு மல்ட்டி பிளக்கில் செருகி ஓட்டினோம். ஒரு நாள் பிளக்கை எடுத்தால் ஒரு கால் பழுப்பாகி, சாக்கெட்டின் துளை உருகி நீண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பவர் பிளக் வைத்துக் கொடுத்தார். பழைய வீடு, வாடகை வீடு என்றால் இதை முதலிலேயே பாருங்கள். கேஸ் பக்கமும் இதேபோல ஒரு கவனம் உண்டு. ஆரஞ்சு நிற ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் 1906-க்கு அழைக்கலாம்.

கரண்ட் போனால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் இரண்டு வரை நிறுத்துவது நமக்குப் பழக்கம்தான், ஒன்பதுக்கு முன்பே சமைத்துவிடலாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இண்டக்‌ஷனைத் தாங்காது. புயல் வந்தால் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தி வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் சித்தி மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சியது ஒரு சிலிண்டரில். 2023 டிசம்பர் மழையில் சென்னையிலும் பல இடங்களில் நாட்கணக்கில் இருட்டுதான். கடலோர மாவட்டத்தில் இருந்துகொண்டு கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தனியாக அறை எடுத்துத் தங்குகிற பிள்ளைகளுக்கு மட்டும் யோசனையே வேண்டாம். ஒரு இண்டக்‌ஷன், அதற்கேற்ற ஒரு குக்கர் போதும்.

ஜன்னல் சின்னதாக இருக்கிற சமையலறையில் கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு சேரும். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் இண்டக்‌ஷன் பக்கம் ஒரு படி கூடுதலாகவே சாயலாம். பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் வாங்குமுன் அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாக இருந்தது, அம்மா அதைத் தொடுவாரா என்பது. முதல் வாரம் தொடவில்லை. “இதுல சூடு எங்க இருக்குன்னே தெரியலையேப்பா” என்றார். ஐம்பது வருடமாகத் தீயின் உயரத்தைப் பார்த்துச் சமைத்தவருக்கு 1200 என்ற எண் ஒன்றும் சொல்லாது. பட்டன்களில் எல்லாம் பொடி எழுத்தில் ஆங்கிலம். கடைசியில் வழி கண்டுபிடித்தது அவரேதான். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்து, ஆன் பட்டன் ஓரத்தில் பெரிய சிவப்பு, குறைக்கிற இடத்தில் சின்னக் கறுப்பு, டைமருக்குப் பச்சை என்று ஒட்டிக்கொண்டார். இப்போது பாலை வைத்துவிட்டுப் பச்சைப் பொட்டை அழுத்தி ஆறு நிமிடம் வைக்கிறார், கோலத்தை முடித்துவிட்டு வருகிறார். பால் எப்போதாவது பொங்கத்தான் செய்கிறது. கண்ணாடியைத் துடைத்தால் போதும்.

சிலிண்டர் மாற்றிய தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைப்பது அம்மாவின் வழக்கம். முன்பெல்லாம் 44 நாள், 46 நாள், 45 நாள் என்று இருந்தது. கடைசி இரண்டு சிலிண்டர் 68 நாளும் 71 நாளும் வந்திருக்கின்றன.