சரண் சிங்கும் தேவ கவுடாவும்: வயலிலிருந்து தில்லிக்கு

உழவர் குடும்பத்தில் பிறந்து பிரதமரான இவ்விருவரில் சரண் சிங்கின் பணியே ஆழமானது என்பேன். உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புக்கு முன்னின்று உழைத்த அவர், ஊரின் நான்கு மூலையிலும் சிதறிய துண்டு நிலங்களுக்கு ஏரும் மாடுமாய் அலைந்த உழவனுக்கு அவற்றை ஒருசேர மாற்றித் தரும் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1959இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டில் நேரு விரும்பிய கூட்டுறவுப் பண்ணை முறையைத் துணிந்து எதிர்த்தார்.

கட்டடப் பொறியியல் பட்டயம் பெற்ற தேவ கவுடா, 1962இல் கர்நாடகத்தின் ஹொளெநரசிபுரம் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக வென்று, பின்னர் அம்மாநில முதல்வராகி, 1996இல் பிரதமரானார். வங்கதேசத்துடனான கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் அவர் காலத்தது. காங்கிரஸ் ஆதரவை விலக்கியதால் இருவரும் வீழ்ந்தனர்: தேவ கவுடா பத்து மாதங்களுக்குமேல் ஆண்டார், சரண் சிங்கோ பிரதமராக நாடாளுமன்றத்தை ஒருநாள்கூடச் சந்திக்கவில்லை.